தன்விவரக் குறிப்பும் எழுத்தழகும்

பட்டம் பெற்று வெளியேறும் நாள் நெருங்க நெருங்க, நம் ஒவ்வொருவருக்கும் ஒரு தாள் தேவைப்படுகிறது. 'பயோடேட்டா' என்றும் 'ரெஸ்யூம்' என்றும் வழங்கும் அதனைத் தன்விவரக் குறிப்பு என்போம். திருப்புட்குழியிலிருந்து வரும் எனக்கும், என்போன்ற கிராமத்து மாணவர்க்கும் இத்தாளின் அருமை சற்று மிகுதி. ஒரகடத்திலோ திருப்பெரும்புதூரிலோ நமக்காகப் பரிந்து பேச மாமனோ சித்தப்பாவோ இல்லை. இத்தாள்தான் பேச வேண்டும். ஆகவே அதனை அமைக்கும் முறை குறித்து நான் கற்றறிந்தவற்றை ஈண்டுத் தொகுத்துரைக்க விழைகின்றேன்.

தகுதியை எழுத்தில் வரிசைப்படுத்தும் வழக்கம் நம் மண்ணுக்குப் புதிதன்று. உத்திரமேரூரில் முதலாம் பராந்தக சோழனின் கி.பி. 921ஆம் ஆண்டுக் கல்வெட்டு, குடவோலையில் பெயர் எழுதப்படத் தகுந்தவர் யார் எனக் கூறுகிறது. வயது 35க்கு மேல் 70க்குள் இருக்க வேண்டும். வரி செலுத்தும் நிலமும், சொந்த மனையில் வீடும் வேண்டும். முன்னர் வாரியத்திலிருந்து கணக்குக் காட்டாதவர் தகுதி இழப்பர். இதனின்று நாம் கொள்ளத்தக்கவை இரண்டு. கேட்பவர்க்கு வேண்டியதை வரிசையாகச் சொல்லுதல் ஒன்று. சொன்ன எதற்கும் கணக்குக் காட்டக்கூடியவராய் இருத்தல் மற்றொன்று.

மேலைநாட்டிலும் இதற்கொரு சான்றுண்டு. ஏறத்தாழ 1482இல் லியனார்டோ டாவின்சி மிலான் நகர ஆட்சியாளர்க்கு எழுதிய விண்ணப்பத்தில், பாலம், பீரங்கி முதலிய போர்க்கருவிகளைச் செய்யும் திறனையே முதலில் அடுக்கினார். ஓவியத் திறனை இறுதியில்தான் குறித்தார். பெறுபவரின் தேவை அறிந்த வரிசை அது!

இனி எழுத்துக்கு வருவோம். ஒரே எழுத்துரு போதும், மிஞ்சினால் இரண்டு. ஓர் அங்குலத்திற்கு 72 புள்ளி என்பது அச்சுக்கணக்கு. செய்திக்கு 11 அல்லது 12 புள்ளியும், தலைப்புக்கு 14 புள்ளியும், பெயருக்கு 18 புள்ளியும் வைக்கலாம். தமிழில் 'கீ' மேலே சுழிக்கிறது. 'மூ' கீழே இறங்குகிறது. எனவே ஆங்கிலத்தைவிட வரியிடைவெளி சற்றுக் கூடுதலாக வேண்டும். அடிக்கோடு இட்டால் 'கு', 'ரு' ஆகியவற்றின் கீழ்ப்பகுதியைக் கோடு வெட்டிவிடும். தலைப்பைத் தடித்த எழுத்தால் காட்டுவதே நன்று. ஆனால் சிறிய எழுத்தைத் தடிக்கவைத்தால் 'ண', 'இ' ஆகியவற்றின் சுழிகள் அடைபடும். நாற்புறமும் ஓர் அங்குலம் வெற்றிடம் விடுங்கள். அது வீணாகும் இடமன்று. கண் இளைப்பாறும் இடம்.

பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அமைத்த கோப்பு, அவ்வெழுத்துரு இல்லாத கணினியில் பொருளற்ற குறிகளாய்த் தோன்றும். 2010இல் தமிழக அரசும் ஏற்ற யூனிகோடு முறையில் எழுதி, பிடிஎஃப் கோப்பாக அனுப்புக. சில நிறுவனங்களில் கணினியே முதலில் படிக்கிறது. கட்டங்களும் இரட்டைப் பத்திகளும் அங்கே வரிசை குழம்பக்கூடும்.

நிறத்திற்குக் காஞ்சிப் பட்டே ஆசான். கோர்வைப் புடவையில் உடலுக்கு ஒரு நிறம், கரைக்கு வேறொரு நிறம், ஒன்றையொன்று எடுத்துக்காட்டும். அதுபோலச் செய்தி கருப்பிலும், தலைப்பு மட்டும் கருநீலம் அல்லது அரக்கு நிறத்திலும் இருக்கட்டும். இணையப் பக்கங்களுக்கான உலக நெறி, எழுத்துக்கும் பின்புலத்துக்கும் ஒளிவேறுபாடு குறைந்தது 4.5க்கு 1 இருக்க வேண்டும் என்கிறது. வெள்ளைத் தாளில் வெளிர்மஞ்சள் இதில் தேறாது. அறிய எளிய வழி: கருப்பு வெள்ளையில் ஒரு ஜெராக்ஸ் எடுத்துப் பாருங்கள். மங்கும் நிறத்தை நீக்கிவிடுங்கள்.

அழகினும் பெரிது உள்ளடக்கம். கணினி மையத்தில் கிடைக்கும் ஒரே மாதிரியில் பெயரை மட்டும் மாற்றினால் நாம் அனைவரும் ஒருவராகவே தோன்றுவோம். விடுமுறையில் பால் சங்கத்தில் கணக்கெழுதியதை நான் என் குறிப்பில் கல்வித் தகுதிக்கு அடுத்தே வைத்துள்ளேன். தறியில் அமர்ந்த தோழியும், நெல் வியாபாரம் பார்த்த நண்பனும் அவற்றை மறைக்க வேண்டியதில்லை, அவையும் அனுபவமே.

எழுதி முடித்ததும் தோழர் ஒருவரிடம் அரை நிமிடம் கொடுத்துத் திரும்ப வாங்குங்கள். "எனக்கு என்ன செய்யத் தெரியும்?" என்று கேளுங்கள். அவர் தடையின்றி விடை சொன்னால், அத்தாளைத் துணிந்து அனுப்பலாம்.