"ஸ்டாக்" என்னும் சொல்

விவசாயப் பிரசுரங்களிலும் மருந்துடன் வரும் விவரத்தாள்களிலும் "ஸ்டாக்" என்னும் ஆங்கிலச் சொல் அடிக்கடி காணப்படுகிறது. பண்டகசாலைக்காரர் அதற்குச் சரக்கிருப்பு என்று பொருள் கொள்வார். கால்நடை வைத்தியர் ஆடுமாடு என்பார். பழத்தோட்டக்காரர் ஒட்டுக்கட்டும் அடிச்செடி என்பார். பட்டணத்து வர்த்தகர் கம்பெனிப் பங்கு என்பார். நால்வர் கூற்றும் சரியே. பண்ணைக் கணக்கில் "டெட் ஸ்டாக்" என்று எழுதப்படுவதோ செத்த மாடுகளன்று. ஏர், வண்டி முதலிய தட்டுமுட்டுச் சாமான்களே யாகும்.

இச்சொல்லின் பழம்பொருள் மரத்தின் அடிக்கட்டை என்பது. அடியினின்று கிளைகள் பிரிவதுபோல, எடுத்துச் செலவிடுதற்குரிய இருப்புக்கும், ஈன்று பெருகும் மந்தைக்கும் அப்பெயர் வழங்கலாயிற்று. தமிழில் "முதல்" என்பது அடியையும் வியாபாரத்தில் இட்ட பணத்தையும் ஒருங்கே குறிப்பதை எண்ணினால் இது எளிதில் விளங்கும்.

பங்கு என்னும் பொருளுக்கும் மரமே தொடர்பு. இங்கிலாந்தின் அரசாங்கக் கருவூலத்தில் முற்காலத்தில் பணம் செலுத்தியவருக்கு அத்தாட்சியாகக் கோலொன்றில் வெட்டுக்குறியிட்டு, அதை நெடுகப் பிளந்து, நீண்ட பாதியைக் கொடுத்தனர். அப்பாதிக்கு ஸ்டாக் என்று பெயர். இவ்வழக்கம் 1826இல் நின்றது. 1834 அக்டோபரில் பழைய கோல்களை அடுப்பிலிட்டு எரித்தபொழுது தீ பரவிப் பார்லிமெண்டு மாளிகையே வெந்துபோயிற்று. பழைய கணக்குகளைக் கொளுத்த விரும்புவோர் இதைக் கவனிப்பாராக.

தோட்டக்காரரின் ஸ்டாக் வேரைத் தாங்குவது. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பிலாக்ஸிரா என்னும் வேர்ப்பூச்சி பிரான்சு தேசத்துத் திராட்சைத் தோட்டங்களை நாசமாக்கிற்று. அப்பூச்சியைத் தாங்கவல்ல அமெரிக்கக் கொடிகளை அடிச்செடியாக வைத்து ஒட்டியதனாலேயே அத்தொழில் பிழைத்தது. ஒட்டு மாங்கன்றில் ஒட்டுக்குக் கீழே எழும் துளிர் அடிச்செடியினுடையது. அதனை உடனே கிள்ளி எறிதல் வேண்டும். விட்டுவிட்டால் ஒட்டிய ஜாதி நலிந்து, நாட்டு மரமே மிஞ்சும்.

பொருள் பிறழ்ந்தால் பயிருக்கே கேடு விளைவிப்பது "ஸ்டாக் கரைசல்" என்பது. கைவசம் இருப்பிலுள்ள மருந்து என்று கருதி அதை அப்படியே தெளித்தல் கூடாது. நீர் சேர்த்தற்குரிய செறிந்த கரைசல் என்பதே அதன் பொருள்.

போர்டோ கலவையை எடுத்துக்கொள்வோம். 1 கிலோ மயில்துத்தத்தைக் கரைத்து 10 லிட்டராக்கி வைத்தால் அது துத்தத்தின் ஸ்டாக். அதில் 1 லிட்டரில் 100 கிராம் துத்தம் உளது. ஒரு சதவீதக் கலவை 10 லிட்டருக்கு இது போதும். நல்ல சுட்ட சுண்ணாம்பையும் அதே அளவில் நீற்றிக் கரைத்து வைக்கலாம். ஆனால் இரண்டு ஸ்டாக்குகளையும் நேரே கலந்தால் தடித்த வண்டல் விழுந்து, தெளிப்பான் அடைபடும். மருந்தும் இலையில் நன்கு பற்றாது. ஒவ்வொன்றிலும் 1 லிட்டர் எடுத்து, தனித்தனியே 5 லிட்டராக நீர் விட்டுப் பெருக்கி, துத்தக் கரைசலைச் சுண்ணாம்புப் பாலில் கலக்கிக்கொண்டே ஊற்றுக. இரும்புப் பாத்திரம் ஆகாது. மண், மரம், பிளாஸ்டிக் ஆகியன ஏற்றவை.

துலக்கிய கத்தியலகை இக்கலவையில் ஒரு நிமிஷம் அமிழ்த்தி எடுக்க. செம்பு நிறம் படிந்திருந்தால் இலை கருகும். படியாதிருக்கும் வரை சுண்ணாம்புப் பால் சேர்த்து, அன்றே தெளித்துவிடுக.