பொறிக்குள் ஒரு பொறி

கணிப்பொறி ஒன்றில் ஓர் இயங்குதளமே ஆட்சி செலுத்துதல் இயல்பு. ஆயினும், விண்டோஸ் குடியிருக்கும் பொறியில் லினக்சையும் பயில விரும்புவோர் முன்னதை அகற்ற வேண்டுவதில்லை. பொறிக்குள் மற்றொரு பொறி இருப்பதுபோல் அமைத்துத் தரும் மெய்நிகராக்க மென்பொருள்கள் உள. முன்னரே உள்ள தளத்தை விருந்தோம்புவோன் என்றும், பின்னர் வந்ததை விருந்தினன் என்றும் வல்லுநர் வழங்குவர். தமிழர்க்கு இனிய வழக்கே அது!

இம்முறை புதியதன்று. ஐ.பி.எம். நிறுவனம் 1960-களிலேயே தன் பெருங்கணிப்பொறிகளில் இதனை நிகழ்த்திக் காட்டிற்று. இன்டெல் வகை மேசைக் கணிப்பொறிகளுக்கு 1999-இல் வி.எம்.வேர் நிறுவனத்தின் மென்பொருளும், 2007-இல் விர்ச்சுவல்பாக்சும் வந்தன.

தேர்ந்தெடுப்போர் முதற்கண் நோக்கத்தக்கது மென்பொருளின் பெயரன்று, பொறியின் செயலியே. அச்செயலி அறிந்த மொழியில் எழுதப்பட்ட தளமே நல்ல விருந்தினனாகும். ஆப்பிள் நிறுவனம் தன் மேக் கணிப்பொறிகளில் இன்டெல் செயலியை விடுத்து ஆர்ம் வகைச் செயலியைப் பொருத்தத் தொடங்கியது 2020-இல். இன்டெலுக்கென எழுதப்பட்ட விண்டோசை அப்புதிய பொறிகளில் இயக்கப் புகுந்தோர் இடர்ப்பட்டனர். கியூ-எமு போன்ற மென்பொருள் ஆணைகளை மொழிபெயர்த்து இயக்க வல்லதுதான். ஆயின், மொழிபெயர்ப்பாளன் இடைநிற்கும் உரையாடல்போல் விரைவு பெரிதும் குன்றிவிடும். கல்லூரியில் பயிலவேண்டிய மென்பொருள் இன்டெலுக்கே உரியதாயின், அருமுயன்று ஈட்டிய பணத்தில் புதிய மேக் வாங்கிய மாணவன் என் செய்வான்? வாங்குமுன் வினவுதலே அறிவுடைமை.

நினைவகமும் எண்ணத்தக்கது. 8 ஜிகாபைட் உடைய பொறியில் விருந்தினனுக்கு 4 அளித்தல் தகும். 7 அளித்தாலோ, விருந்தோம்புவோன் இளைத்துப்போக, இருவருமே நகரார்.