கீமோவுக்கு முன்னாடி கேட்க வேண்டிய மூணு கேள்வி

29 வயசுல எங்க அக்காவுக்கு மார்பகப் புற்றுநோய்னு பயாப்சி ரிப்போர்ட் வந்தது. "உடனே கீமோ ஆரம்பிங்க"ன்னு வீட்ல எல்லாரும் பதறினோம். அக்கா மட்டும் டாக்டர்கிட்ட மூணு கேள்வி கேட்டா.

1. அப்புறம் குழந்தை பெத்துக்க முடியுமா?
கீமோ சினைப்பையைப் பாதிக்கலாம். கருமுட்டையை உறைய வைக்கணும்னா கீமோவுக்கு முன்னாடியே செய்யணும். சுமார் 2 வாரம் ஆகும்.

2. மரபணு டெஸ்ட் எடுக்கணுமா?
இளம் வயசுல வந்தா இது முக்கியம். பி.ஆர்.சி.ஏ. மரபணு மாற்றம் அப்பா வழியாவும் வரலாம். அறுவை சிகிச்சை முடிவையே அது மாத்தலாம்.

3. எந்த வகைக் கட்டி?
ஈ.ஆர்., பி.ஆர்., ஹெர்2 முடிவுகளைப் பொறுத்துத்தான் மருந்து.

நான் செஞ்சது ஒண்ணுதான்: பதில்களை நோட்டுல எழுதினேன். பயத்துல பாதி காதுல விழாது. கூடப் போறவங்க எழுதிக்கணும்.