அளவுகோலும் ஆட்டக்காரரும்

“அந்தக் காலத்து ஆட்டக்காரருக்கு இன்று யார் ஈடு?” என்பர் ஒரு சாரார். “இன்றைய வேகத்துக்கு அன்றையவர் பத்து நிமிடங்கூடத் தாங்கமாட்டார்” என்பர் மற்றொரு சாரார். நம் விடுதியில் இரவு உணவுக்குப் பின் நடைபெறும் இவ்வழக்குக்கு இதுவரை தீர்ப்புக் கிடைத்ததில்லை. குரல் வன்மை மிக்கவரே வெற்றி பெற்று உறங்கச் செல்கிறார்.

இயற்பியல் பயிலும் எனக்கு இவ்வாதங்களில் ஒரு குறை தோன்றுகிறது. இரு பொருள்களை ஒப்பிடுமுன் இரண்டையும் ஒரே அளவுகோலால் அளக்க வேண்டும் என்பது ஆய்வுக்கூடத்தில் நாம் கற்கும் முதற் பாடம். அந்தப் பாடத்தை அமெரிக்கத் தொழில்முறைக் கூடைப்பந்துக்கு, அதாவது என்.பி.ஏ. ஆட்டங்களுக்கு, இங்கே பொருத்திப் பார்ப்போம்.

எண் சொல்வது என்ன?

1962 மார்ச் 2ஆம் நாள், பென்சில்வேனியா மாநிலத்தின் ஹெர்ஷி நகரில், பிலடெல்பியா வாரியர்ஸ் அணி நியூயார்க் நிக்ஸ் அணியை 169–147 என வென்றது. அந்த 169இல் 100 புள்ளிகளை ஒருவரே எடுத்தார். அவர் வில்ட் சேம்பர்லேன். 1961–62 பருவம் முழுவதும் ஓர் ஆட்டத்துக்கு 50.4 புள்ளி என்பது அவருடைய சராசரி. மைக்கேல் ஜோர்டானின் மிக உயர்ந்த சராசரி 1986–87இல் 37.1, கோபி பிரையன்டுக்கு அது 2005–06இல் 35.4. எண்களை அப்படியே நம்பினால் சேம்பர்லேன் மலை, மற்ற இருவரும் குன்றுகள். ஆனால் அப்படியே நம்பலாமா?

காலத்தைக் கழித்துப் பார்த்தல்

1961–62இல் ஆட்டம் மிக விரைவாக நடந்தது. பந்து கைக்கு வந்ததும் எறிந்தனர், தவறியவை பல, மீண்டும் எறிந்தனர். ஆதலின் ஓர் அணி ஓர் ஆட்டத்தில் சராசரியாக 118.8 புள்ளி எடுத்தது. இந்தச் சராசரி 1986–87இல் 109.9; 2005–06இல் 97.0. மூன்று காலங்களிலும் புள்ளியின் ‘விலை’ ஒன்றன்று.

களத்தில் நின்ற நேரமும் ஒன்றன்று. ஓர் ஆட்டம் 48 நிமிடம். சேம்பர்லேன் அப்பருவத்தில் ஆட்டத்துக்கு 48.5 நிமிடம் ஆடினார். சமநிலையில் முடிந்த ஆட்டங்களின் கூடுதல் நேரமும் சேர்ந்ததால் கணக்கு 48ஐத் தாண்டிற்று. ஜோர்டான் 40 நிமிடமும் பிரையன்ட் 41 நிமிடமும் ஆடினர்.

இனிக் கணக்கிடுவோம். மூவரும் 48 நிமிடம் ஆடியதாகக் கொண்டால் அவர்களுடைய புள்ளிகள் முறையே 49.9, 44.5, 41.4 ஆகும். இவற்றை அவரவர் காலத்து அணியின் சராசரியால் வகுத்து நூற்றுக்கு எத்தனை என்று பார்த்தால், சேம்பர்லேனுக்கு 42.0, ஜோர்டானுக்கு 40.5, பிரையன்டுக்கு 42.7 வருகின்றன. சேம்பர்லேனுக்கும் பிரையன்டுக்கும் இடையே இருந்த பதினைந்து புள்ளி வேறுபாடு எங்கே போயிற்று? அதன் பெரும்பகுதி மனிதருடையதன்று, காலத்துடையதும் கடிகாரத்துடையதுமே.

வெவ்வேறு மாநில வாரியங்களில் படித்து, வெவ்வேறு முறையில் திருத்தப்பட்ட விடைத்தாள்களோடு இங்கு வந்து ஒரே வகுப்பில் அமர்ந்திருக்கும் நமக்கு இது புதிதன்று. ஓரிடத்துத் தொண்ணூறும் மற்றோரிடத்துத் தொண்ணூறும் ஒன்றல்ல என்பதை நாம் பட்டறிந்திருக்கிறோம்.

எனினும் வகுத்தலால் மறைவதும் உண்டு. 1961–62 பருவம் முழுவதிலும் சேம்பர்லேன் களத்துக்கு வெளியே இருந்த நேரம் ஏறத்தாழ 8 நிமிடமே. எண்பது ஆட்டங்களில் ஓய்வின்றி நிற்பதும் ஓர் ஆற்றலன்றோ? ‘48 நிமிடம் ஆடியதாகக் கொண்டால்’ என்று நாம் எளிதில் எழுதிவிடுகிறோம். அவரோ உண்மையிலேயே ஆடினார்.

பயிற்சியாளர் மாறினால்?

காலத்தைக் கணக்கால் கழிக்கலாம். பயிற்சியாளரைக் கழிப்பது எப்படி? ஆய்வுக்கூடத்தில் ஒன்றை மாற்றி, மற்றவற்றை மாறாமல் வைத்து, விளைவை நோக்குகிறோம். விளையாட்டுக் களத்தில் அத்தகைய சோதனை அரிதாகவே அமையும். 1966இல் ஒன்று அமைந்தது.

1965–66இல் சேம்பர்லேன் பிலடெல்பியா செவன்டி சிக்சர்ஸ் அணியில் இருந்தார். பயிற்சியாளர் டால்ஃப் ஷேய்ஸ். அணி 55 ஆட்டங்களில் வென்று 25இல் தோற்றது. ஷேய்ஸ் அவ்வாண்டின் சிறந்த பயிற்சியாளர் என்ற பரிசையும் பெற்றார். ஆயினும் அணி பாஸ்டன் செல்டிக்ஸிடம் தோற்று வெளியேறியதால் பதவியை இழந்தார். அவ்விடத்துக்கு அலெக்ஸ் ஹானம் வந்தார். முக்கிய ஆட்டக்காரர்கள் பெரும்பாலும் பழையவர்களே.

விளைவைப் பாருங்கள். சேம்பர்லேனின் சராசரி 33.5 புள்ளியிலிருந்து 24.1க்கு இறங்கியது. ஆனால் கூடையை நோக்கி அவர் எறிந்ததே ஆட்டத்துக்கு 25இலிருந்து 14 ஆகக் குறைந்திருந்தது. எறிந்தவற்றில் கூடையில் விழுந்தவை நூற்றுக்கு 54இலிருந்து 68 ஆயின. தோழர் கூடை போடுவதற்கு வழி செய்த பந்துகள் 5.2இலிருந்து 7.8 ஆயின. தவறித் திரும்பிய பந்தைக் கைப்பற்றுவது மட்டும் 24.6, 24.2 என ஏறக்குறைய அப்படியே இருந்தது. அணியோ 68 வெற்றி, 13 தோல்வி என நிமிர்ந்தது. 1959 முதல் 1966 வரை தொடர்ந்து எட்டு முறை பட்டம் வென்ற பாஸ்டனை வீழ்த்தி, 1967இல் தானே பட்டத்தையும் வென்றது.

புள்ளியை மட்டும் பார்ப்பவர் ‘முப்பது வயதில் ஆள் தளர்ந்துவிட்டார்’ என்பார். தளர்ந்தது ஆளன்று, அவரிடம் கேட்கப்பட்ட வேலை மாறியது. 1961–62இல் பயிற்சியாளர் பிராங்க் மக்வயர் அவரிடம் புள்ளிகளைக் கேட்டார், அவர் கொடுத்தார். ஹானம் பந்தைப் பகிரக் கேட்டார், அதையும் கொடுத்தார்.

பயிற்சியாளர் ஒருவரே ஆயினும் விளைவு ஒன்றாய் இருப்பதில்லை. ஃபில் ஜாக்சன் 1989இல் சிகாகோ புல்ஸ் அணியின் பொறுப்பை ஏற்றார். 1986–87இல் 37.1 எடுத்த ஜோர்டான், 1990–91இல் எடுத்தது 31.5. ஆனால் முன்னதில் 40 வெற்றி, 42 தோல்வி கண்ட அணி, பின்னதில் 61 வெற்றியும் பட்டமும் பெற்றது. அதே ஜாக்சன் 2005இல் லாஸ் ஏஞ்சலஸ் லேக்கர்ஸ் அணிக்குத் திரும்பியபோது, பிரையன்டின் சராசரி 27.6இலிருந்து 35.4க்கு ஏறியது. துணை நிறைந்த அணியில் ஒரு தேவை. துணை குறைந்த அணியில் வேறொரு தேவை.

சில எச்சரிக்கைகள்

முதலாவது, பயிற்சியாளரை மாற்றுவது பெரும்பாலும் அணி தாழ்ந்திருக்கும்போதுதான். தாழ்வில் ஒரு பங்கு கெட்ட நேரத்தால் வந்தது. அது தானே நீங்கும். காய்ச்சலின் உச்சத்தில் மருந்து உண்டவர், காய்ச்சல் தணிந்ததும் மருந்தையே புகழ்வதுபோல, நாமும் புதிய பயிற்சியாளரைப் புகழ்ந்துவிடுகிறோம். 1966இன் சான்று வலிமை பெறுவது இதனால்தான்: ஷேய்ஸின் அணி தாழ்ந்த அணியன்று.

இரண்டாவது, எண்ணப்படாதவை உண்டு. எதிரி எறிந்த பந்தைத் தடுத்ததையும், எதிரியின் கையிலிருந்து பறித்ததையும் 1973–74 முதலே கழகம் கணக்கெடுத்தது. பாஸ்டனின் பில் ரஸ்ஸல் 13 பருவங்களில் 11 பட்டங்கள் கண்டவர். அவற்றுள் கடைசி இரண்டை, அவரே பயிற்சியாளராகவும் இருந்து வென்றார். தடுப்பாட்டத்தில் தலைசிறந்த அவருடைய தடுப்புகளுக்குப் பதிவேட்டில் எண் இல்லை. ஏட்டில் நிற்பது 15.1 என்ற புள்ளிச் சராசரி. அதைக் கொண்டு அவரை எடை போடுவது நீதியாகுமா?

மூன்றாவது, விதிகளே மாறின. கூடைக்கு அடியில் நெடுநேரம் நிற்கக் கூடாத பகுதியின் அகலம் 1964இல் 12 அடியிலிருந்து 16 அடியாயிற்று. சேம்பர்லேன் போன்ற நெடியவரைத் தூரத்தில் நிறுத்துவதே நோக்கம். தொலைவிலிருந்து போடும் கூடைக்கு மூன்று புள்ளி என்ற விதி 1979–80இல்தான் வந்தது. ஸ்டீபன் கரி 2015–16இல் அத்தகைய கூடைகள் 402 போட்டார். சேம்பர்லேன் காலத்தில் அவை ஒவ்வொன்றுக்கும் இரண்டே புள்ளி.

முடிவாக

இருவரில் யார் பெரியவர் என்ற கேள்வியை நான் தள்ளிவிடவில்லை. அதற்கு முன் மூன்று கேள்விகளைக் கேட்க வேண்டும் என்கிறேன். தம் காலத்தவரைவிட இவர் எவ்வளவு உயர்ந்து நின்றார்? இவரிடம் கேட்கப்பட்ட வேலை எது? கேட்பவர் மாறியபோது இவரிடம் மாறியது எது, மாறாமல் நின்றது எது?

மூன்றாவது கேள்வியையே நான் பெரிதும் மதிக்கிறேன். 50 புள்ளி எடுக்கும் ஆற்றலைவிட, 50 எடுத்தவர் 24இல் நின்று அணியை உயர்த்திய ஆற்றல் என்னை வியக்க வைக்கிறது. அன்பர்கள் தாம் விரும்பும் ஆட்டக்காரருக்கும் இக்கணக்கைப் போட்டுப் பார்க்க வேண்டுகிறேன். ஒரு தாளும் எழுதுகோலும் போதும். வேண்டிய எண்கள் மூன்றே: அவருடைய சராசரி, ஆடிய நிமிடம், அப்பருவத்து அணிகளின் சராசரி. விடை வந்தபின், அவர் யாருக்குக் கீழ் ஆடினார் என்பதையும் பக்கத்தில் எழுதிக்கொள்ளுங்கள். அதன் பிறகு வாதிடுவோம்.