பெரியவர்களுக்குக் கணினி கற்பிக்க வரும் பிள்ளைகளுக்கு

மாலை வகுப்பில் பெரியவர்களுக்குக் கணினி கற்றுக்கொடுக்க நமது மஹல்லாவின் கல்லூரிப் பிள்ளைகள் சிலர் பெயர் கொடுத்திருக்கிறார்கள், அல்ஹம்துலில்லாஹ். அவர்களுக்காகவும் இனிப் பெயர் கொடுக்க இருப்பவர்களுக்காகவும் இதை எழுதுகிறோம்.

மத்திய அரசின் கிராமப்புற டிஜிட்டல் எழுத்தறிவுத் திட்டம் 2017இல் வந்து 2024இல் முடிந்தது. வீட்டுக்கு ஒருவர் என்று 6 கோடி குடும்பங்களுக்கு 20 மணி நேரப் பயிற்சி என்பது இலக்காக இருந்தது. வயது வரம்பு 14 முதல் 60 வரை இருந்தது. அதாவது நமது நன்னாவும் நன்னியும் அதில் சேர முடியவில்லை. ஆனால் பென்ஷனுக்கான உயிர்வாழ் சான்று, ஹஜ் விண்ணப்பம், வங்கிக் குறுஞ்செய்தி எல்லாம் அவர்களைத் தேடித்தான் வருகின்றன. ஆதார் அட்டையோடு போனையும் சேர்த்து யாரோ ஒருவர் கையில் கொடுக்கிறார்கள். ஓடிபி வந்ததும் அவரே பார்த்துப் போட்டுக்கொள்கிறார். அவர் நல்லவராக இருந்தால் பிழைத்தோம்!

"இந்த வயதில் எனக்கெதற்கு?" என்பார்கள். நபித்தோழர்கள் வயதான பின்பும் கல்வி கற்றதை இமாம் புகாரி (ரஹ்) தமது ஹதீஸ் தொகுப்பில் கல்விப் பகுதியிலேயே குறிப்பிட்டிருக்கிறார்கள். அதை எடுத்துச் சொல்லுங்கள். கூச்சம் பாதி குறையும்.

மீதிப் பாதி உங்கள் கையில், அதாவது மவுஸைத் தொடாத கையில் இருக்கிறது. அவர் தடுமாறும்போது "இப்படி கொடுங்க மாமா" என்று வாங்கி நீங்களே செய்துவிட்டால் அன்றைய பாடம் போயிற்று. மக்தபில் உஸ்தாது நம் விரலை எழுத்தின் மேல் வைத்து நகர்த்தச் செய்தார். நமக்காக அவர் ஓதிவிட்டுப் போகவில்லை. இதுவும் அப்படித்தான். கைகளைக் கட்டிக்கொண்டு வாயால் மட்டும் சொல்லுங்கள்.

விரல் நடுங்குபவர்களுக்கு இரட்டைக் கிளிக் பெரும் சோதனை. ஒரு முறை கிளிக் செய்து எண்டர் விசையை அழுத்தினாலும் கோப்பு திறக்கும் என்று காட்டுங்கள், முகம் மலர்வதைப் பார்ப்பீர்கள். விண்டோஸ் விசையோடு கூட்டல் குறியை அழுத்தினால் திரை பெரிதாகும். மவுஸ் பழக சீட்டு விளையாட்டைக் கொடுப்பது பல இடங்களில் வழக்கம். நம் வீடுகளில் அதை ஒப்பமாட்டார்கள். பெயிண்டில் ஒரு வீடு வரையச் சொன்னால் போதும்.

ஆங்கிலம் தெரியாதவர்களுக்குத் தமிழ்99 விசைப்பலகையைப் பழக்குங்கள். 1999இல் தமிழக அரசு ஏற்றுக்கொண்ட இந்த அமைப்பில் உயிரெழுத்துகள் இடக்கையிலும் மெய்கள் வலக்கையிலும் அமைந்திருக்கும். ஆங்கில எழுத்தின் மேல் தமிழ் ஸ்டிக்கர் ஒட்டிவிட்டால், முதல் நாளே தம் பெயரை அடித்துவிடுவார்கள்.

பணப் பாடத்தில் மட்டும் சலிக்காமல் திரும்பத் திரும்பச் சொல்லுங்கள். யுபிஐயில் பணம் பெறுவதற்குப் பின் நம்பர் தேவையே இல்லை. "பணம் வரும், பின் நம்பரைப் போடுங்கள்" என்று எவன் சொன்னாலும் அவன் திருடன். ஓடிபி என்பது வீட்டுச் சாவி. பெற்ற மகன் கேட்டாலும் எதற்கென்று கேட்டுவிட்டுத்தான் சொல்ல வேண்டும். (இதைச் சொன்னால் சில மகன்களுக்குக் கோபம் வரும், வரட்டும்.) ஏமாந்துவிட்டால் உடனே 1930க்கு அழைக்க வேண்டும். வெட்கப்பட்டு மறைத்தால் அந்த நேரத்தில் பணம் கைமாறிவிடும்.

பெண்களுக்கு அஸருக்குப் பிறகும் ஆண்களுக்கு இஷாவுக்குப் பிறகும் வகுப்பு. ஆண்கள் பக்கம் சொல்லிக்கொடுக்க ஆள் இருக்கிறது, பெண்கள் பக்கம் போதவில்லை. கணினி படித்துவிட்டு வீட்டில் இருக்கும் தங்கைகள் வாரம் இரண்டு நாள் வந்தாலே போதும். அலுவலகத்தில் பெயர் கொடுங்கள். குழந்தையையும் கூட்டிக்கொண்டு வரலாம்.