துணியில் ஒரு பூ



சுவர்ப் பத்திரிகைக்குக் கைத்தொழில் பகுதி எழுதித் தரச் சொல்லி டீச்சர் கேட்டாங்க. எனக்குத் தெரிந்த கைத்தொழில் துணிப்பூ தைப்பது. எங்க அம்மா வீட்டில் ஜாக்கெட் தைக்கிறாங்க. வெட்டியது போக விழும் துண்டுகளை முன்பெல்லாம் தலையணைக்குள் திணிப்போம். இப்போது அவை எல்லாம் என் டப்பாவுக்கு வந்துவிடும்.

தேவையான பொருட்கள்: பருத்தித் துண்டுத் துணி, அதே நிற நூல், ஊசி, கத்தரிக்கோல், காம்பஸ், அட்டை, பழைய பொத்தான் 1, முடி கிளிப் 1.

செய்முறை:

1. அட்டையில் 4 செ.மீ. ஆரம் உள்ள வட்டம் வரைந்து வெட்டுங்கள். அதைத் துணி மேல் வைத்து 5 வட்டங்கள் வெட்டுங்கள்.

2. நல்ல பக்கம் வெளியே தெரியும்படி ஒவ்வொரு வட்டத்தையும் பாதியாக மடியுங்கள். அரைவட்டம் கிடைக்கும்.

3. நூலை இரட்டையாகக் கோத்து நுனியில் முடிச்சுப் போடுங்கள். வளைந்த ஓரத்தில் மட்டும் சின்னச் சின்ன ஓட்டுத்தையல் போடுங்கள். ஓரத்திலிருந்து அரை செ.மீ. உள்ளே தள்ளித் தைக்க வேண்டும். இல்லையென்றால் பிசிறு பிரிந்து தையல் கழன்றுவிடும்.

4. நூலை மெதுவாக இழுத்தால் துணி சுருங்கி ஒரு இதழ் வரும். நூலை அறுக்காமல் அடுத்த அரைவட்டத்தையும் அதே நூலில் கோத்துத் தையுங்கள். இப்படியே 5 இதழ்கள்.

5. கடைசி இதழை முதல் இதழோடு சேர்த்து இறுக்கி, இரண்டு மூன்று முடிச்சுப் போடுங்கள். நடுவில் பொத்தானைத் தையுங்கள்.

6. பின்பக்கம் சின்ன வட்டத் துணி வைத்து, கிளிப்பையும் சேர்த்துத் தையுங்கள். பசை மட்டும் போதாது.

இதில் நம்ம கணக்குப் பாடமும் இருக்கு. அரைவட்டத்தின் வளைந்த ஓரம் 3.14 × 4 = 12.56 செ.மீ. அது சுருங்கி ஏறக்குறைய 2 செ.மீ. இடத்தில் அடங்குகிறது. ஆனால் மடிப்புப் பக்கம் 8 செ.மீ. அப்படியே இருக்கு. அதற்குப் போக இடம் இல்லாததால் வெளியே வளைந்து இதழாக நிற்கிறது. மடிப்பையும் சேர்த்துத் தைத்தால் பூ வராது, மூட்டைதான் வரும்!

ஒரு எச்சரிக்கை. பாலியஸ்டர் சாட்டின் ரிப்பன் ஓரத்தை மெழுகுவர்த்திக்குப் பக்கத்தில் காட்டினால் உருகிப் பிசிறு அடங்கும். பருத்தித் துணியை அப்படிக் காட்டாதீர்கள், உருகாது, தீப்பிடிக்கும். பெரியவங்க கூட இருக்கும்போது மட்டும் செய்யுங்கள்.

இனி நான் செய்த தப்பையும் சொல்லணும்.

போன ஆண்டு விழா தை மாசம் நடந்தது. பனியில் மல்லிகை வரத்துக் குறைந்து விலை ஏறிக் கிடந்தது. கும்மி ஆடுற 8 பேருக்கும் நான் துணிப்பூ தைத்துத் தருவதாகச் சொன்னேன். முதல் நாள் ராத்திரி வரைக்கும் விளையாட்டாக இருந்துவிட்டு, கடைசி இரண்டு பூவை ஒற்றை நூலில் தைத்து, கிளிப்பில் பசையால் ஒட்டிவிட்டேன்.

மேடையில் ஆறாம் வகுப்புத் தங்கச்சி ஒருத்தியின் பூ இதழ் இதழாகக் கழன்று விழுந்தது. அவள் குனிந்து பொறுக்கினாள். கும்மி வட்டம் நின்றுபோச்சு. எல்லாரும் சிரித்தார்கள். அவள் அழுதுகொண்டே பின்னாடி வந்து, இதழ்களை என் கையில் கொடுத்து, "அக்கா, நான் ஒண்ணும் பண்ணலக்கா, தானா விழுந்துடுச்சு" என்றாள்.

என் தப்பு என்று நான் அன்றைக்குச் சொல்லவில்லை. "பரவாயில்ல, போ" என்று மட்டும் சொன்னேன். பெரிய மனசு என்று எல்லாரும் நினைத்தார்கள்.

அதனால்தான் இரட்டை நூல், மூன்று முடிச்சு என்று இவ்வளவு அழுத்தி எழுதுகிறேன். முடிச்சு பூவுக்கு உள்ளே இருக்கும், யாருக்கும் தெரியாது. ஆனால் பூ அதில்தான் நிற்கிறது.

அந்தத் தங்கச்சியும் இந்தச் சுவர் முன்னாடி நின்று இதைப் படிப்பாள். தங்கச்சி, தப்பு உன்னுடையது இல்லை, அக்காவுடையது. உனக்குப் புதுப் பூ தைத்து வைத்திருக்கேன். மதியம் சாப்பாட்டு மணி அடித்ததும் வந்து வாங்கிக்கோ.



– ஒன்பதாம் வகுப்பு மாணவி