வாயைக் கட்டினால் போதுமா?

நம்பிக்கை: "வாயைக் கட்டத் தெரியாதவங்கதான் சர்க்கரைக்குக் குடல் ஆபரேஷன் செஞ்சுக்கறாங்க. வயித்தைச் சுருக்கினா சாப்பாடு குறையும், எடை குறையும், சர்க்கரையும் குறையும். அவ்வளவுதானே டாக்டர்?"

வாரத்துக்கு ஒருவராவது இதை என்னிடம் சொல்கிறார். சொல்பவர் கூட வந்த உறவினர். நோயாளி தலைகுனிந்து உட்கார்ந்திருப்பார். கேட்டுக் கேட்டுச் சலித்துவிட்டது.

உண்மை: 1995-இல் அமெரிக்க அறுவை மருத்துவர் வால்டர் போரிஸ் வெளியிட்ட கட்டுரையைப் பாருங்கள். இரைப்பை பைபாஸ் செய்துகொண்ட சர்க்கரை நோயாளிகள் 146 பேரில் 121 பேருக்குச் சர்க்கரை இயல்புக்குத் திரும்பியது. எடை பெரிதாக இறங்குமுன், சில நாள்களிலேயே மாற்றம் தெரிந்தது. அந்த நாள்களில் உணவு குறைந்ததும் ஒரு காரணம், எடைக்கும் பங்குண்டு. ஆனால் கதை அங்கே முடியவில்லை. நியூயார்க்கில் நடந்த ஓர் ஆய்வில் ஒரு சாரார் பத்தியத்தாலும் இன்னொரு சாரார் பைபாஸாலும் ஏறக்குறைய 10 கிலோ குறைந்தார்கள். சாப்பிட்ட பின் ஜிஎல்பி-1 என்ற குடல் ஹார்மோன் எகிறியது பைபாஸ் செய்தவர்களுக்குத்தான்.

பைபாஸுக்குப் பின் உணவு முன்சிறுகுடலைத் தாண்டி நேரே கீழ்ப்பகுதிக்கு விரைகிறது. அங்குள்ள செல்கள் ஜிஎல்பி-1, பிஒய்ஒய் ஹார்மோன்களை அள்ளிச் சுரக்கின்றன. ஜிஎல்பி-1, சர்க்கரை ஏறியிருக்கும்போது கணையத்தை இன்சுலின் சுரக்கத் தூண்டுகிறது. வேகஸ் நரம்பு வழியாகவும் ரத்தம் வழியாகவும் மூளைக்கு 'போதும்' என்ற செய்தி போகிறது. டொரன்டோவில் டோனி லாம் குழு 2012-இல் எலிகளிடம் இன்னொன்றையும் காட்டியது: சிறுகுடல் உணவுச் சத்தை உணர்வதைத் தடுத்தால், அறுவையால் சர்க்கரை இறங்குவதும் நின்றுவிடுகிறது.

பத்தியம் இருந்து இளைப்பவருக்கோ கிரெலின் என்ற பசி ஹார்மோன் கூடுகிறது. உடம்பே பசியை ஏற்றிவிடும்போது அவரைப் பார்த்து 'வாயைக் கட்டு' என்பது என்ன நியாயம்?

நம்பிக்கை: ஆபரேஷனோடு சர்க்கரை தீர்ந்தது.
இல்லை, திரும்பலாம். அமெரிக்காவின் கிளீவ்லாந்தில் நடந்த ஓர் ஆய்வில் 5 ஆண்டுக்குப் பின் எச்பிஏ1சி என்ற சராசரிச் சர்க்கரை அளவு 6 சதவீதம் அல்லது அதற்குக் கீழே இருந்தவர்கள், பைபாஸ் செய்தவர்களில் 29 சதவீதம். மருந்து மட்டும் எடுத்தவர்களில் 5 சதவீதம்.

நம்பிக்கை: டைப் 1 சர்க்கரை நோய்க்கும் இதுவே தீர்வு.
இல்லை. அங்கே இன்சுலின் சுரக்கும் செல்களே அழிந்துவிட்டன. ஊசியை நிறுத்தாதீர்கள்.

நம்பிக்கை: பிறகு மாத்திரையே வேண்டாம்.
தவறு. பி12, இரும்பு, கால்சியம் ஆயுளுக்கும் தேவை. ஆண்டுதோறும் ரத்தப் பரிசோதனையும் கட்டாயம்.

ஆபரேஷன் எல்லோருக்கும் தேவைப்படாது. ஆனால் இலையில் சாப்பிடும் வரிசையை எல்லோரும் மாற்றலாம். நான் விடாமல் சொல்லிவருவது இது. காய்கறியும் பருப்பும் முதலில், சோறு கடைசியில் என்றால் சாப்பிட்ட பின் சர்க்கரை அவ்வளவு ஏறாது. அடுத்த கல்யாணப் பந்தியில் உங்கள் மாமாவை நாலு பேர் முன்னால் அதட்டாதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து, சோறு பரிமாற வருபவரிடம் "கொஞ்சம் பொறுங்க" என்று சொல்லுங்கள். மாமா பொரியலையும் கூட்டையும் நிதானமாக முடிக்கட்டும்.